மீட்டரின் கழுத்தில் இருந்த பில்லை

செய்தி வந்தபோது நான் கடைவீதியில் ஒரு மின்சாமான் கடையில் நின்று, மின்சாரம் சோதிக்கிற ஒரு மஞ்சள் மீட்டருக்குச் செல் மாற்றிக்கொண்டிருந்தேன். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. பெண்ணாடத்திலிருந்து அந்தோணிசாமி அண்ணனின் மகள் ஸ்டெல்லா. "அத்தை, அப்பா போயிட்டாருங்க. காலைல டீ குடிச்சிட்டு மோட்டார் ஸ்டார்ட்டர் ஒண்ண பிரிச்சிப் போட்டு ஒக்காந்திருந்தாரு. நெஞ்ச புடிச்சிக்கிட்டு அப்பிடியே சாஞ்சிட்டாரு" என்றாள். கடைக்காரர் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குப் போயி செல்லு மாத்துறீங்களே, கூட கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஃபியூஸ் கட்டையும் ஜாடியும் பொம்மையும் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகளில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். மின்சார உலை பாதியில் நின்றால், மோட்டார் சுற்றாமல் உறுமினால், "அந்தோணிய கூப்புடு" என்பதுதான் அங்கே எவர் வாயிலும் முதலில் வரும். இருபது வருடத்துக்கு மேல் பெண்ணாடத்திலிருந்து மொபெட்டில் வந்து போனார். நான் அந்தக் கம்பெனிகளில் ஒன்றில், ஃபியூஸ் கட்டை செய்யும் இடத்தில், ஆபீஸ் வேலை பார்ப்பவள். கடிதம், ரிஜிஸ்டர் எல்லாம் என் கையெழுத்து. முதலாளிகள் சங்கத்தின் கூட்டங்களுக்கும் என்னைத்தான் உட்கார வைப்பார்கள். மினிட்ஸ் நோட்டில் யார் என்ன பேசினார் என்று எழுதுவது என் வேலை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சங்கக் கட்டடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. மாலை போட்ட படம், ஊதுவத்தி, பிளாஸ்டிக் நாற்காலிகள். வழக்கம்போல நான் ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "அந்தோணி எளிமையான மனுஷன். மட்டமான சாமான வெச்சிக்கிட்டே காலத்த ஓட்டிட்டாரு. அதனால ஒரு புள்ளைக்கி கை போச்சி. இருக்கட்டும், போனவர பத்தி அதெல்லாம் பேசக் கூடாது. நாமளும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுவம்" என்றார். நாற்காலிகள் எல்லாம் தலையாட்டின. எனக்கு உச்சந்தலைக்குச் சூடேறியது. யார் யாரை மன்னிப்பது? அந்தப் பெரிய மனசு யாருடையது? ஒரு மனிதனின் பிழைப்பைப் பிடுங்கி, நான்கு வருடம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டு, மாலை வாடுவதற்குள் மன்னிப்பும் கொடுத்துவிட்டார்கள்! அன்று நான் எழுந்து பேசவில்லை. பேசாததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் இதில் சொல்லாமல் விடப்போவதில்லை.

முதலில் அந்த 'மட்டமான சாமான்' கதையை முடித்துவிடுகிறேன். அவரிடம் இரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒன்று எல்லாக் கடையிலும் தொங்குகிற மஞ்சள் மீட்டர். மற்றது கனமானது. தடித்த ஒயர், உள்ளே நல்ல ஃபியூஸ், கை நழுவாத விளிம்பு. அதைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் வயர் கூடையில் வைத்திருப்பார். உலையின் மின்சாரப் பேனலைத் திறக்கும்போதுதான் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் சட்டைப் பையில் மஞ்சள். நல்லதைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு மட்டமானதோடு அலைகிற கஞ்சன் என்றார்கள் சிலர். ஒரு மீட்டருக்கு இத்தனை சட்டம் பேசுகிற திமிர் பிடித்தவன் என்றார்கள் வேறு சிலர். எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் அவர் கேட்ட ஒரே கேள்வியை இரண்டு கூட்டமும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இது தப்பா காட்டுச்சின்னா என்னா போவும்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

மாதா கோயில் திருவிழாவுக்குச் சீரியல் லைட் கட்டுவது அவர் பொறுப்பு. எரியாத சரங்களைத் தரையில் பரப்பி, எங்கே அறுந்திருக்கிறது என்று மஞ்சள் மீட்டரின் பீப் சத்தத்தை வைத்துத் தேடுவார். மின்சாரம் கிடையாது, வெறும் சரம். ஒரு வருடம் நான் தேர் பார்க்கப் போயிருந்தபோது, கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவர் பக்கத்தில் நின்று, "இதெல்லாம் ஒரு மீட்டரா? இது காட்றத எப்பிடிங்க நம்புறீங்க?" என்று சிரித்தார். அண்ணன் நிமிரவே இல்லை. "சாரு, இது தப்பா சொன்னா ஒரு பல்பு எரியாது. இன்னொரு தபா பாத்துட்டுப் போறன். இதுக்குப் போயி நல்லத எதுக்குங்க தேய வுடணும்?" என்றார். சரங்களை எல்லாம் கட்டி முடித்து, மெயின் போர்டில் கொடுக்கப் போகும்போதுதான் கூடையில் கைவிட்டுத் துண்டைப் பிரித்தார். வாத்தியார் அதற்குள் போய்விட்டார். மஞ்சளைப் பார்த்தது போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பொம்மை செய்யும் பெண்கள் குழு ஒன்று சின்ன மின் உலை வாங்கிய வருடம் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. உலைக்குள் எவ்வளவு சூடு என்று காட்ட ஒரு பெரிய கருவி வாங்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை பொம்மையும் வெடிக்கும் என்று ஒரு வியாபாரி அவர்களை மிரட்டி வைத்திருந்தார். அண்ணன் போய்ப் பார்த்தார். சூடு காட்டுகிற மஞ்சள் மீட்டர் ஒன்றை உலைக்குள் சூட்டை உணரும் கம்பியோடு இணைத்தார். உள்ளே கோன் வைத்தார். கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் தலைசாய்கிற சின்ன மண் கூம்பு, பேட்டையில் எல்லோருக்கும் பழக்கமானது. மூன்று முறை உலை மூட்டி, கோன் சாய்கிறபோது மீட்டர் என்ன சொல்கிறது என்று எழுதிக்கொண்டார். மூன்று முறையும் மீட்டர் இருபது டிகிரி கூடச் சொன்னது. குழுத் தலைவி பயந்துவிட்டார். "அப்ப இது பொய்யி சொல்லுதுங்களே?" என்றார். "சொல்லட்டும். எப்பவும் ஒரே பொய்யத்தான சொல்லுது? அதோட குடித்தனம் பண்ணலாம். நாளைக்கி ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணுன்னு மாத்திப் பேசுறவங்கூடதான் ஆவாது" என்றார் அண்ணன்.

உலைச் சூட்டில் அந்த மீட்டரையே வைத்தால் அது இன்னும் உளறும் என்று சொல்லி, எட்ட ஒரு நிழலில் ஆணி அடித்து மாட்டினார். மாதம் ஒரு முறை கோனோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார். அந்தப் பெண்கள் இன்றும் அதே மீட்டரை வைத்துத்தான் பொம்மை சுடுகிறார்கள். வேறொரு கம்பெனியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. புதிதாக வந்த மேலாளர், கோன் சாய்ந்து படுத்துவிட்ட பிறகும், மீட்டரில் எண் வரவில்லை என்று உலையை அணைக்க விடவில்லை. ஜாடிகள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அண்ணனுக்கு அன்று வந்த கோபத்தை நான் பார்த்தேன். "புள்ளி வெச்சி ஒரு நம்பரு காட்டிட்டா போதும், கண்ணெதிர்ல மண்ணு சாஞ்சி கெடக்கிறது தெரியாது ஒங்களுக்கு" என்று மேலாளரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்தக் கம்பெனி அடுத்த மூன்று மாதம் அவரைக் கூப்பிடவில்லை.

இதற்குப் பிறகுதான் அவர் பில்லை செய்ய ஆரம்பித்தார். பீங்கான் மண்ணில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டம் தட்டி, ஓரத்தில் துளை போட்டு, கம்பெனி முத்திரை குத்த வைத்திருக்கும் நீலச் சாயத்தால் எழுதி, மெருகு பூசி, ஃபியூஸ் கட்டைகளோடு சேர்த்து உலையில் வைத்துச் சுட்டு எடுப்பார். காகிதம் ஒட்டினால் வியர்வையில் உரிந்துவிடும், பேனாவில் எழுதினால் அழிந்துவிடும், இது மனிதர்கள் செத்த பிறகும் அழியாது என்பார். எந்தக் கம்பெனியில் எந்த மீட்டர் இருந்தாலும் அதன் கழுத்தில் செம்புக் கம்பியால் ஒரு பில்லை தொங்கும். பொம்மைக் குழுவின் மீட்டரில், 'இருபது கூடச் சொல்லும்'. எங்கள் கம்பெனியில், ஃபியூஸ் கட்டையின் பித்தளைத் தகடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பேக்கிங்கில் பார்க்க ஒரு மஞ்சள் மீட்டர் இருந்தது. அதில், 'பேக்கிங்குக்குப் போதும். பேனலுக்கு ஆகாது.' புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் அவர் வேறு எந்த உபதேசமும் செய்ததில்லை. "பில்லைல என்னா போட்டிருக்குதோ அதான்" என்பார், அவ்வளவுதான்.

பேனலுக்கு ஏன் ஆகாது என்று நான் ஒரு நாள் கேட்டேன். ஆபீஸ் மேசையில் மஞ்சளை வைத்துக் காட்டினார். ஒயர் நுனியிலிருந்த இரண்டு குச்சிகளையும் காற்றில் பிடித்தார். சைபர். "இப்ப இது என்னா சொல்லுது?" "கரண்ட் இல்லன்னு சொல்லுது." மீட்டரின் ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சுவரிலிருந்த பிளக்கில் வைத்தார். மறுபடியும் சைபர். ஆனால் அதே பலகையில்தான் என் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தியா தங்கச்சி. லைன்ல கரண்ட் இல்லன்னாலும் சைபரு. மீட்டருக்கே உசுரு இல்லன்னாலும் சைபரு. ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி. இந்த ஒயரு பிஞ்சி ஒயரு, கழுத்துக்கிட்ட உள்ளயே அறுந்துக்கும், வெளிய தெரியாது. அதான் எந்த மீட்டரா இருந்தாலும் மூணு தடவ கேக்கணும். கரண்ட் இருக்கிற எடத்துல மொதல்ல கேளு. அப்புறம் வேல செய்யிற எடத்துல கேளு. திரும்பவும் இருக்கிற எடத்துல போயி கேளு. மூணும் ஒத்து வந்தாதான் கைய வெக்கணும்" என்றார். அவர் அப்படித்தான் செய்வார். கனமான மீட்டராக இருந்தாலும் பேனலுக்கும் பிளக்குக்கும் நடையாக நடப்பார். நேரத்தை வீணடிக்கிறான் என்று முதலாளிகள் முணுமுணுத்ததும் இதைப் பார்த்துத்தான்.

இனி என் பங்கு. வடக்கே இருந்து சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முன்தினம் எங்கள் முதலாளி ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பேக்கிங் மேசையில் மீட்டரைப் பார்த்து நின்றார். "என்னாம்மா இது, கெடா கழுத்துல மணி கட்டுன மாதிரி? 'ஆகாது'ன்னு எழுதி மாட்டி வெச்சா, வர்றவன் நம்ம சரக்கையே ஆகாதும்பான். அத எடுத்துடு" என்றார். வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செம்புக் கம்பியைக் கத்தரித்தேன். பில்லையை என் மேசை இழுப்பறையில் போட்டேன். அவர்கள் போனதும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் வந்தார்கள், இளநீர் குடித்தார்கள், போனார்கள். நான் மறந்துபோனேன். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பெரிய சதி எதுவும் நடக்கவில்லை, ஒரு சோம்பேறித்தனமும் ஒரு 'சரிங்க சார்' என்ற வார்த்தையும் போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் உலையில் ஒரு சூட்டுக் கம்பி போய்விட்டது. அன்று அண்ணன் நல்லூரில் வேறொரு வேலையில் இருந்தார், மாலைதான் வர முடியும் என்றார். முதலாளி அதுவரை பொறுக்கவில்லை. செல்வம் என்று ஒருவர், கருவேப்பிலங்குறிச்சிக்காரர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். மூட்டை ஏற்றும் பகுதியிலிருந்து உலைக்கு மாற்றப்பட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவரைக் கழற்றச் சொன்னார்கள். செல்வம் அஜாக்கிரதையாக ஒன்றும் செய்யவில்லை. மெயின் ஸ்விட்சை இறக்கினார். பேக்கிங்கிலிருந்து மஞ்சள் மீட்டரை வாங்கிவரச் செய்து பார்த்தார். சைபர். ஸ்விட்சின் உள்ளே ஒரு முனை ஒட்டிக்கொண்டு இறங்காமலே இருந்தது, மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. மீட்டரின் ஒயரும் கழுத்தருகே உள்ளேயே அறுந்திருந்தது. அவர் கை வைத்தார். உயிர் தப்பியதே பெரிது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

சங்கம் விசாரணை வைத்தது. மூன்று முதலாளிகள், எதிரே அண்ணன், ஓரத்தில் நோட்டோடு நான். எல்லாம் கேட்டுவிட்டு, உங்கள் தரப்பில் என்ன சொல்கிறீர்கள் என்றார்கள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த மீட்டரு கழுத்துல ஒரு பில்ல இருந்துச்சிங்களே. அது எங்க?" எங்கள் முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நோட்டைப் பார்த்தேன். பில்லை, சாலைக்கு எதிர்ப்புறம் எங்கள் கம்பெனியில், ரப்பர் முத்திரைகளுக்கும் குண்டூசி டப்பாவுக்கும் நடுவில் கிடந்தது. எனக்குத் தெரியும். விபத்து நடந்த அன்றே இழுப்பறையைத் திறந்து பார்த்திருந்தேன். அவர் கேட்டதை நான் எழுதவே இல்லை. 'மின் பணியாளர் அந்தோணிசாமி தரமற்ற மலிவு மீட்டரைப் புழக்கத்தில் விட்டதே விபத்துக்குக் காரணம்' என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். கையெழுத்து அழகாகவே இருந்தது.

அதோடு எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை. பெண்ணாடத்தில் கரும்புக்காரர்களின் பம்ப்செட் ஸ்டார்ட்டரும் மிக்ஸியும் பார்த்துக் காலம் தள்ளினார். இங்கே பேட்டையில் கூத்து ஒன்று நடந்தது. 'மலிவுதான் காரணம்' என்று தீர்ப்பு எழுதிவிட்டோமே, ஆகவே மலிவான மீட்டர்களை எல்லாம் ஒழிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு விலையுயர்ந்த மீட்டர் வாங்கினார்கள். விலையுயர்ந்தது ஆயிற்றே, யாராவது கீழே போட்டுவிட்டால்? முதலாளியின் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி முதலாளியின் இடுப்பில், முதலாளி எங்கேயோ கல்யாண வீட்டில். ஆட்கள் விரலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தும், பல்பில் ஒயர் கட்டித் தொட்டுப் பார்த்தும் வேலை செய்தார்கள். பீரோவுக்குள் இருக்கிற நல்ல மீட்டர் யார் கையைக் காப்பாற்றும்? இதைக் கேட்க அந்தச் சங்கத்தில் ஒரு ஆள் இல்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆளை அவர்கள்தான் அனுப்பிவிட்டார்களே.

ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்தேன். தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பில்லையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். பெண்ணாடம் நெருங்க நெருங்கக் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வழியை அடைத்துக்கொண்டு நின்றன. நான் போனபோது அண்ணன் மாதா கோயில் பூசை முடிந்து வந்து, வாசலில் சாக்கு விரித்து ஒரு ஸ்டார்ட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வாம்மா விஜயா, வூட்ல எல்லாம் சொகமா?" என்றார். நான் உட்காரக்கூட இல்லை. முடிச்சை அவிழ்த்து முன்னால் வைத்தேன். "அண்ணே, இது என் டிராயர்ல இருந்துச்சி. நாந்தான் அறுத்தன். அன்னிக்கி நீங்க கேட்டப்பவும் அங்கதான் இருந்துச்சி. நீங்க கேட்டத நோட்டுலயும் எழுதல" என்றேன். பில்லையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மொதலாளி சொன்னாரா?"

"சொன்னாரு. ஆனா கத்தரிச்சது நானு."

"அந்த மீட்டரு இப்ப எங்க?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் கத்தினார். என்னிடம் அவர் கத்தியது அந்த ஒரு முறைதான். "பில்லைய தூக்கிக்கிட்டு பஸ்ஸேறி வரத் தெரியிது. அந்த மீட்டரு எவங் கையில கெடக்குதுன்னு பாக்கத் தெரியல? உள்ள அறுந்த ஒயரு அறுந்த மாதிரிதான இருக்கும்? இன்னொருத்தன் கைய வெச்சா? எனக்கு வேல போனா போவுது, அதுக்கு நீ அழுவாத. போயி மொதல்ல அத தேடு!"

திங்கட்கிழமை தேடினேன். எங்கள் பம்ப் ரூமில் கிடைத்தது. ஒழிக்கப்பட்டதாகத் தீர்மானத்தில் இருந்த அதே மீட்டரை வைத்து, பம்ப் ஓட்டுகிற ஆள் மோட்டார் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து ஏறக்குறையப் பிடுங்கினேன். அடுத்த ஞாயிறு பெண்ணாடத்துக்குக் கொண்டு போனேன். அண்ணன் ஒயரின் கழுத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார், எண்கள் வந்து வந்து போயின. இரண்டு ஒயர்களையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டார். ஒரு டார்ச் செல்லில் வைத்துப் பார்த்தார். சரியாகச் சொன்னது. பில்லையைப் புதுக் கம்பியில் கோத்துக் கட்டி என்னிடம் நீட்டினார். "இந்தா. இது கெட்டது இல்ல. இதுக்கு ஆவாத வேலைக்கி வுட்டது நீங்க. செல்லு கொறஞ்சா மூலையில செல்லு படம் வரும். வந்துட்டா அது பேசுறத கேக்காத, மாத்திடு" என்றார்.

புறப்படும்போது சொன்னார். "நோட்டுல நீ ஒரு வரி வுட்டுட்டம்மா. அத எழுதிடு. எனக்காவ சொல்லல. நாளைக்கி எவனோ அந்த நோட்ட படிப்பான். மலிவா இருந்துச்சி, அதான் கை போச்சின்னு நெனச்சிக்குவான். வெல ஒசந்தத வாங்கி வெச்சிட்டு, மூணு தடவ கேக்காம கைய வெப்பான்." எழுதிடறண்ணே என்றேன். எழுதவில்லை. முதலாளி முகம் சுளிப்பாரே, மகன் படிப்பு முடியட்டுமே, அடுத்த மாதம் பார்க்கலாமே என்று இரண்டரை வருடம் ஓட்டினேன். செயலாளர் மேல் எனக்கு வரும் கோபத்தில் பாதி என் மேலேயே வரும் கோபம்தான். அதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அடக்கத்தன்று செல்வம் வந்திருந்தார். பெட்டியை இடது தோளில் சுமந்தார். வலது கையால் சரியாகப் பிடிக்க முடியாது. கல்லறையில் மண் போட்டு முடித்த பிறகு, வேப்பமரத்தடியில் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"பில்ல இருந்திருந்தா நான் தொட்டிருக்க மாட்டங்க. அண்ணன் அத ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தாரு எனக்கு" என்றார். பிறகு, "அண்ணனுக்குத் தெரியுமா, நீங்க அறுத்தது?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது."

அவர் போய் ஸ்டெல்லாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் தனியாகப் பஸ் ஏறினேன்.

கனமான மீட்டர் ஸ்டெல்லாவிடம் இருக்கிறது. அது அவளுக்குத்தான் சேர வேண்டும். என்னிடம் இருப்பது மஞ்சள் மீட்டர், கழுத்தில் பில்லையோடு. ஆபீஸ் மேசையில், இழுப்பறைக்குள் அல்ல, மேலே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் படிக்கிறார்கள். முதலாளியும் படித்தார். எதையும் மூன்று தடவை கேட்கிற பழக்கத்தையும் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் கேட்ட பேச்சையும் அப்படித்தான் கேட்டேன். செல்வத்தின் கையைப் பார்த்துவிட்டு வந்தேன், செயலாளர் பேசியதைக் கேட்டேன், திரும்பவும் போய்ச் செல்வத்தின் கையைப் பார்த்தேன். ஒத்து வரவில்லை.

இன்று காலை பழைய மினிட்ஸ் நோட்டை எடுத்தேன். விசாரணை எழுதிய பக்கத்தின் அடியில் நான்கு விரல் இடம் காலியாக இருந்தது. அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே இன்றைய தேதியும் இருக்கிறது. சங்கம் என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளட்டும். எழுதியது இதுதான்:

'விடுபட்ட வரி. அந்தோணிசாமி கேட்டார்: மீட்டர் கழுத்தில் பேனலுக்கு ஆகாது என்று ஒரு பில்லை இருந்ததே, அது எங்கே? பதில்: இந்தக் குறிப்பை எழுதும் விஜயாவின் மேசை இழுப்பறையில்.'